மலைப்பாதையில் வண்டி ஹீட் ஆகிறது, இழுவையும் போகிறது: எங்கே தேடுவது?

கேள்வி இதுதான். டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஒரு தொந்தரவும் இல்லை. 2,500 மீட்டருக்கு மேல் கல்லும் மண்ணுமான பாதையில் மெதுவாக ஏறும்போது மட்டும் கால் மணி நேரத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது, அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுப்பதில்லை. இருபது நிமிடம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது, திரும்ப ஏறினால் திரும்பவும் அதே கதை. லோ ரேஞ்சுக்கு (மெதுவாக, அதிக இழுவையோடு போக ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இருக்கும் தனி கியர் அடுக்கு) போகத் தேவைப்படவில்லை, வழக்கமான ஹை ரேஞ்சிலேயே ஏறிவிடுகிறது. தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), கூலன்ட் இரண்டும் மாற்றியாகிவிட்டது, இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கேள்விக்குள்ளேயே இரண்டு பெரிய துப்பு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம்: ஹீட் ஆவதும் இழுவை குறைவதும் ஒன்றாக வருவதால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்து ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். எது முதலில் வந்தது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். முள் ஏறிய பிறகு இழுவை போனால் கோளாறு குளிரூட்டும் பக்கம். என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இசியு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, டீசலைக் குறைக்கிறது, இழுவை போவது அதன் விளைவுதான். இழுவை முதலில் போய், அதைச் சமாளிக்க நீங்கள் அழுத்தி அழுத்தி மிதித்த பிறகு முள் ஏறினால் காற்று, டீசல், டர்போ பக்கம் பார்க்க வேண்டும். முள் அசையவே இல்லை, இழுவை மட்டும் இல்லை என்றால் அது உயரத்தின் வேலையாக இருக்கலாம், இல்லை லிம்ப் மோடு (கோளாறு தெரிந்ததும் கணினி சக்தியைக் குறைத்து ஓட்டும் நிலை), இல்லை எங்கோ ஒரு பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. உங்களுடையது முதல் வகை.

உயரம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தரையில் சரியாக இருக்கும் வண்டி மேலே ஏன் திணறுகிறது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. டர்போ இல்லாத என்ஜின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், 3,000 மீட்டர் போவதற்குள் கால் பங்குக்கு மேல் போய்விடும். இதில் பழுது எதுவும் இல்லை, யாராலும் சரிசெய்யவும் முடியாது. டர்போ என்பது எக்ஸாஸ்டின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி, அது இருந்தால் இந்த நஷ்டத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடும், ஆனால் டர்போ சுழலும் அளவுக்கு எக்ஸாஸ்ட் வந்தால்தான். 1,200, 1,300 ஆர்பிஎம்மில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டர்போ கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது, அந்த நேரத்தில் உங்கள் டர்போ டீசலும் டர்போ இல்லாத வண்டி மாதிரிதான்.

அதே மெலிந்த காற்றுதான் ரேடியேட்டர் வழியாகவும் போகிறது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது இழுக்கும் காற்றின் எடை குறைவு, அதனால் அது எடுத்துப்போகும் சூடும் குறைவு. மேலே போகப் போகக் குளிர் அதிகம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வரை குறையும், அது கொஞ்சம் உதவும். ஆனால் வெயில் உச்சியில், பின்பக்கமிருந்து காற்று அடிக்க, மணிக்கு பத்து கிலோமீட்டரில் ஏறும்போது ரேடியேட்டருக்கு முன்னால் காற்று ஏறக்குறைய நின்றுபோகிறது. இந்தப் பின்காற்றை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போனால் கிரில்லுக்குள் தானாக ஒன்றும் நுழையாது, ஃபேன் ஒன்றுதான் கதி.

அப்புறம் கொதிநிலை. 3,000 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல வண்டிகளின் தெர்மோஸ்டாட் திறப்பது 82 முதல் 90 டிகிரிக்குள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை, இந்த இரண்டும் சேர்ந்தால் அந்த உயரத்தில் என்ஜின் வழக்கமான சூட்டில் இருக்கும்போதே உள்ளே கொதிக்க ஆரம்பிக்கும். மூடி நல்ல நிலையில் 1 பார் போல அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 115 டிகிரிக்கு மேல் போய்விடும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேல். அதனால் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறவர்கள் அந்தச் சின்ன மூடியை விட்டுவிடுவது எனக்கு எப்போதுமே புரியாத விஷயம். விலை குறைவு, ஐந்து நிமிட வேலை, ரப்பர் கெட்டியாகியிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ புதிது போடுங்கள், மூடியின் மேல் அச்சடித்திருக்கும் அதே அழுத்த எண்ணில். கூடுதல் எண் போட்டால் இன்னும் நல்லது என்று போட்டுவிடாதீர்கள், பழைய ஹோஸோ ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ விரிந்துபோகும்.

சரி, இப்போது அந்த இரண்டு துப்பு.

முதலாவது, நெடுஞ்சாலையில் சூடாகவில்லை, மெதுவாக ஏறும்போது மட்டும் ஆகிறது என்றீர்கள். வேகமாகப் போகும்போது காற்று தானாக வருகிறது, ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. உள்ளே குழாய்கள் அடைத்திருந்தாலோ வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருந்தாலோ கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொண்டாலோ அது முதலில் நெடுஞ்சாலையில்தான், முழுச் சுமையில் நீண்ட ஏற்றம் ஏறும்போது காட்டிக்கொடுக்கும். மெதுவாகப் போகும்போது மட்டும் சூடாகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு காற்றோட்டம்தான் என்பது என் தீர்ப்பு. அதாவது ஃபேன், ஃபேனைச் சுற்றியிருக்கும் மூடாக்கு, ரேடியேட்டரின் வெளிப்பக்கம்.

ஃபேன் பெல்ட்டில் ஓடும் வகையாக இருந்தால் நடுவில் ஒரு விஸ்கஸ் கிளட்ச் இருக்கும், உள்ளே சிலிகான் எண்ணெய். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அதன் முன்பக்கத்துச் சுருள் விரிந்து எண்ணெயை உள்ளே விட்டு ஃபேனைப் பிடிக்கச் செய்யும். பிடித்தால் தெரியாமல் போகாது, லாரி மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கும்போது கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள், அந்த இரைச்சல் வரவே இல்லை என்றால் கிளட்ச் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இன்னொரு சோதனை: என்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். இழுத்துப் பிடித்தாற்போல் உடனே நிற்க வேண்டும், இரண்டு மூன்று சுற்று லேசாகச் சுற்றினால் அது செத்துவிட்டது. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிக் கறையாக இருந்தால் சிலிகான் வெளியே கசிந்திருக்கிறது. எலக்ட்ரிக் ஃபேனாக இருந்தால் இந்தக் கைச் சோதனையைச் செய்யவே கூடாது, என்ஜின் நின்ற பிறகும் அது தானாகக் கிளம்பும், விரல் போய்விடும். அதற்கு ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிளக்கில் நீர் புகுந்த துரு என்று வரிசையாகப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளில் ஃபேன் மோட்டாரே போயிருப்பதும் உண்டு.

ஃபேனைச் சுற்றியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடாக்கைச் சும்மா அழகுக்கு வைத்திருப்பதாக நினைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், கை நுழைய இடம் கிடைக்கும் என்று. அது இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் தன் விளிம்பைச் சுற்றி என்ஜின் அறைக்குள்ளேயே இருக்கும் சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். உடைந்திருந்தால் ஒட்டுங்கள், இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். அதேபோல் கிரில்லுக்கு முன்னால் வின்ச், நாலு பெரிய விளக்கு, எண் பலகை என்று எல்லாவற்றையும் வரிசையாக மாட்டியிருந்தால் அவ்வளவு காற்றையும் நீங்களே மறைக்கிறீர்கள்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைப் பற்றி ஒரு அனுபவம் சொல்கிறேன். என் வண்டியிலும் இதே கதைதான், தெர்மோஸ்டாட், கூலன்ட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கிரில்லுக்குள் எல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருக்கும், நானே பலமுறை தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறேன். கடைசியில் ஒருநாள் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கன்டென்சரின் போல்ட்டுகளைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்த சேறும் புல் விதையும் பூச்சியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு படலம், ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுவதும். நான் முன்னாலிருந்து கழுவக் கழுவ அதை இன்னும் உள்ளே திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை எடுத்த பிறகு அதே ஏற்றத்தில் சூடு 100 டிகிரியைத் தொடவே இல்லை. அதனால் கழுவுவதென்றால் என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரில், சேறு ஊற நேரம் கொடுத்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், மடங்கிய தகடும் அடைத்த தகடும் ஒன்றுதான்.

இரண்டாவது துப்பு, லோ ரேஞ்சுக்குப் போகவில்லை என்றது. ஏறிவிடுகிறது என்பது வேறு, என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் அது சௌகரியமாக இருக்கிறது என்பது வேறு. ஹை ரேஞ்சில் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டரில் ஏறும்போது ஆட்டோமேட்டிக்கின் டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கலில் போகிற சக்தி முழுவதும் சூடாக மாறி கியர் ஆயிலுக்குப் போகிறது, பல வண்டிகளில் அந்த ஆயில் குளிர்வது ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே. அதாவது ஏற்கெனவே திணறும் ரேடியேட்டரின் தலையில் இன்னொரு சுமை. அதே நேரம் என்ஜின் 1,200 ஆர்பிஎம்மில் இருப்பதால் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் வாட்டர் பம்பும் மெதுவாகவே சுற்றுகின்றன, டர்போவும் எழும்பவில்லை. இழுவை போதவில்லை என்று நீங்கள் இன்னும் மிதிக்கிறீர்கள், காற்று போதாமல் டீசல் மட்டும் கூடுகிறது, கறுப்புப் புகை, எக்ஸாஸ்ட் சூடு, மறுபடி முள். லோ ரேஞ்சில் போட்டு முதல் கியரில் பிடித்துக்கொண்டால் அதே வேகத்துக்கு என்ஜின் 2,000, 2,500 ஆர்பிஎம்மில் ஓடும். ஃபேனும் பம்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம், டர்போ எழும்பி நிற்கும், கன்வெர்ட்டரின் வழுக்கல் வெகுவாகக் குறையும், கால் ஆக்சிலரேட்டரில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆர்பிஎம் கூடினால் சூடு கூடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சுமை குறைந்து ஆர்பிஎம் கூடுவது என்ஜினுக்கு நல்லது, ஆர்பிஎம் குறைந்து சுமை கூடுவதுதான் அதை வதைப்பது. செலவே இல்லாத மாற்றம் இது, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பெரிய டயர் மாட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. 29 அங்குலத்திலிருந்து 32 அங்குலத்துக்குப் போயிருந்தால் எல்லா கியரும் பத்து சதவீதம் உயர்ந்ததற்குச் சமம், மலையில் அது நன்றாகவே உறைக்கும். மென்மையான மண்ணிலும் மணலிலும் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் வண்டி புதையாமல் ஏறும், என்ஜினுக்குச் சுமையும் குறையும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்ற மறக்கக் கூடாது.

டாஷ்போர்டு முள்ளை ஒரு அளவுக்கு மேல் நம்பாதீர்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் அது பெயருக்குத்தான் முள், 80 டிகிரியிலிருந்து 100 தாண்டும் வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள், அது நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டிருக்கும். வண்டியின் கணினியில் இருக்கும் எண்களைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ரீடரைச் செருகி போனில் கூலன்ட் டெம்பரேச்சரை எண்ணாகப் பாருங்கள், முடிந்தால் கியர் ஆயில் சூட்டையும் சேர்த்து. பெரும்பாலான வண்டிகளுக்கு 88 முதல் 98 வரை வழக்கமானது, ஏற்றத்தில் 105 வரை போய் இறங்கினால் கவனித்தால் போதும், 110 தாண்டினால் நிறுத்த இடம் தேட வேண்டும். இன்னொன்று, ஹோஸ் பிய்த்துக்கொண்டு கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், அப்போது எண் குறைவாகவே காட்டலாம். பாதையில் நனைந்த கோடு, இனிப்பு வாசனை, ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் முள் எங்கே இருந்தாலும் வண்டியை நிறுத்துங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. சூடு ஏறியிருக்கிறது, ஆனால் ஆவி வரவில்லை, கூலன்ட் கசியவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் என்ஜினை உடனே அணைக்காதீர்கள். அணைத்தால் பம்பும் நின்றுவிடும், ஹெட்டில், அதாவது என்ஜினின் மேல்பகுதியில் இருக்கும் சூடு போக வழியில்லாமல் அங்கேயே உள்ள கூலன்டைக் கொதிக்க வைக்கும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள், அது ஒரு குட்டி ரேடியேட்டர்தான். நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து 1,500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓடவிடுங்கள், முடிந்தால் வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். ஆவி வருகிறது, கூலன்ட் கொட்டுகிறது, ஃபேன் நின்றுவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்றால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும், யோசனையே வேண்டாம். மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடாதீர்கள். முகம் வெந்துபோனவர்களைப் பார்த்தவன் என்பதால் இதை இரண்டு முறை சொல்கிறேன்: மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, கனமான துணியைப் போட்டு, கால் திருப்பு மட்டும் திருப்பி அழுத்தம் போகும்வரை காத்திருங்கள். கொதித்த என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விட்டுவிடும், ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். முள் சாதாரணமாக இருக்க இழுவை மட்டும் போய், கூடவே உஸ்ஸென்று ஒரு காற்றுச் சத்தமும் கறுப்புப் புகையும் வந்தால் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது, குலுங்கும் பாதையில் இது சகஜம், கிளாம்ப்பை இறுக்கினாலே பாதி நேரம் சரியாகிவிடும். வரிசையாகப் போகும்போது முன் வண்டியின் புழுதியைத் தின்றுகொண்டே வந்திருந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது மட்டும் மூச்சு வாங்கி, சமதளத்தில் நன்றாக இருந்தால் டீசல் ஃபில்டர், அதன் அடியில் தேங்கிய தண்ணீர். ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கருகல் வாசனை வருகிறது என்றால் மேனுவல் வண்டியில் அது கிளட்ச். பழைய கார்பரேட்டர் பெட்ரோல் வண்டிகளில் உயரம் கூடக் கூடக் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துபோகும், பிளக் கறுத்து வண்டி திக்கும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைப்பதும் அவற்றில்தான் அதிகம், குழாயின் மேல் ஈரத்துணி சுற்றினால் கிளம்பிவிடும். இறங்கியதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பிரேக் விடவில்லை.

உங்கள் விஷயத்தில் ஒரு கவலை எனக்கு இருக்கிறது. இதுவரை எத்தனை முறை அந்த முள் சிவப்புக்குப் போயிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அலுமினிய ஹெட் பலமுறை கொதித்தால் வளைந்துவிடும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் கசியும், அப்புறம் நோயும் அதன் விளைவும் ஒன்றாகக் கலந்துபோய் எது எதனால் என்று பிரிப்பது கடினம். அதனால் காலையில் என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். சூடாவதற்கு முன்பே கல் மாதிரி இறுகியிருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது. வெளியே எங்கும் கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது, ஓடும்போது டேங்கில் இடைவிடாமல் குமிழி வருவது, எக்ஸாஸ்டில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, இவையும் அதே கதைதான். கூலன்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துச் சோதிக்கும் கருவி பல ஒர்க்ஷாப்புகளில் இருக்கும், கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: நாளைக் காலை அந்த ஹோஸ் சோதனை. அது நல்லபடியாக இருந்தால் கன்டென்சரைச் சாய்த்து நடுவில் பாருங்கள், கழுவுங்கள், மூடியை மாற்றுங்கள், ஃபேன் கிளட்ச்சைச் சூட்டில் சுற்றிப் பாருங்கள். அப்புறம் அதே ஏற்றத்தை லோ ரேஞ்சில், ஓபிடி எண்ணைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள், பக்கத்தில் இருப்பவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும் ஆர்பிஎம்மையும் குறித்துவரச் சொல்லுங்கள், ஃபேன் இரைந்ததா இல்லையா என்பதையும். ஃபேன் நன்றாக இரைந்தும், லோ ரேஞ்சில் போயும் 110 தாண்டுகிறது என்றால் மட்டும் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் வேண்டாம்.